வசூலிக்க இயலாத வரியும் வசூலிக்காத வரியும்

ஊராட்சி ஒன்றின் கேட்பு, வசூல், நிலுவைப் பதிவேட்டைப் புரட்டுவோர் முதல் இரண்டு பத்திகளைக் காட்டிலும் மூன்றாவது பத்தியையே நெடுநேரம் நோக்க வேண்டியிருக்கிறது. இவ்வாண்டு விதித்த வீட்டுவரி எவ்வளவு, வந்து சேர்ந்தது எவ்வளவு என்பன எளிதில் விளங்கிவிடும். நிலுவை என்னும் பத்தியோ அத்தகையதன்று. சென்ற ஆண்டு வெளியூர் சென்றிருந்தமையால் செலுத்தாது விட்டவர் பெயரும் அதில் இருக்கும். இருபது ஆண்டுகளுக்கு முன் காலமானவர் பெயரும் இருக்கும். இடிந்து புல் முளைத்துக் கிடக்கும் மனையும், மாடி எழுப்பி வாடகைக்கு விட்ட வீடும் அடுத்தடுத்து நிற்கும். எல்லாவற்றிற்கும் எதிரே ஒரே வகையான எண்கள். ஆண்டு முடிவில் அவை கூட்டப்பட்டு, அடுத்த ஆண்டுப் பதிவேட்டின் தலையில் ஏற்றி வைக்கப்படுகின்றன.

“வரவே வராது என்று ஊரறிந்த பாக்கியை ஆண்டுதோறும் ஏன் சுமக்க வேண்டும்? மன்றத்தில் வைத்துத் தள்ளுபடி செய்துவிட்டால் என்ன?” என்று உறுப்பினர்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் அதற்கு இடமளிக்கிறது. வரியாயினும், கட்டணமாயினும், ஒப்பந்தப்படி வர வேண்டிய தொகையாயினும், அது வசூலிக்க இயலாதது என்று மன்றம் கருதுமாயின், அதற்கென விதிக்கப்பட்ட கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டு அதனைத் தள்ளுபடி செய்யலாம். அதிகாரம் உண்டா என்பதில் ஐயமில்லை. எந்தப் பாக்கி அவ்வதிகாரத்திற்குள் வரும் என்பதிலேதான் நாம் நின்று நிதானிக்க வேண்டியிருக்கிறது. வசூலிக்க இயலாததும் வசூலிக்கப்படாததும் பதிவேட்டில் ஒரே பத்தியில் கிடக்கின்றன. முன்னது ஊராட்சிக்கு நேர்ந்துவிட்ட நட்டம். பின்னது ஊராட்சி இன்னும் செய்து முடிக்காத வேலை.

வீட்டுவரி சிறு தொகைதானே, இதற்கு இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு என்று எண்ணுவோரும் உளர். ஊராட்சிக்கு வரும் மானியங்களிற் பெரும்பகுதி இன்ன வேலைக்கு உரியது என்று முன்னரே வரையறுக்கப்பட்டு வருவது. பதினைந்தாம் நிதிக்குழுவின் பரிந்துரைப்படி, 2021-22 முதல் 2025-26 வரை ஊரக உள்ளாட்சிகளுக்கு வகுக்கப்பட்ட மானியத்தில் 60 விழுக்காடு குடிநீருக்கும் துப்புரவுக்கும் என ஒதுக்கப்பட்டிருந்தது. நோக்கம் நல்லதே. ஆயினும், நள்ளிரவில் குடிநீர் மோட்டாரின் காயில் எரிந்துபோனாலோ, காற்றில் தெருவிளக்குக் கம்பி அறுந்து வீழ்ந்தாலோ, வாய்க்கால் பாலத்தின் குழாய் அடைத்து வயலில் நீர் தேங்கினாலோ, மேலிடத்து ஒதுக்கீட்டை எதிர்நோக்காது மறுநாளே எடுத்துச் செலவிடத்தக்கது ஊராட்சியின் சொந்த வருவாய்தான். அவ்வருவாயில் வீட்டுவரியே முதன்மையானது. ஒருவர் செலுத்தாத வரி, செலுத்தியவர் தெருவில் எரியாத விளக்காக வந்து நிற்கிறது.

நம் முன்னோர் காலத்தில் இவ்வுண்மை இன்னும் வெளிப்படையாக இருந்தது. அரசனுக்குச் செலுத்த வேண்டிய இறைக்கு ஊர் முழுவதும் பொறுப்பேற்ற காலம் அது. ஒருவன் செலுத்தாவிடின் அவன் பங்கும் அண்டை அயலார் தலையில் விழும். காஞ்சிபுரத்திற்கும் வந்தவாசிக்கும் இடையிலுள்ள உக்கல் என்னும் ஊரில் முதலாம் இராசராசனின் 24ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று உள்ளது. 16ஆம் ஆட்சியாண்டு முதல் 23ஆம் ஆட்சியாண்டு வரை ஏனைய ஊராரோடு சேர்ந்து வரி செலுத்தாதவர்களின் நிலத்தை ஊராரே விற்றுக்கொள்ளலாம் என்பது அதில் கண்ட ஆணை. ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்திய அக்கடுமையை இன்று நாம் விரும்ப வேண்டுவதில்லை. அவ்வாணையில் ஒரு செய்தி மட்டும் கவனிக்கத்தக்கது. எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை, எவருடைய நிலம் என்பது வரையறையாகச் சொல்லப்பட்டிருக்கிறது. ‘பழைய பாக்கி’ என்று மொத்தமாக ஒரு தொகையை எழுதி வைக்கும் பழக்கம் அக்காலத்தார்க்கு இருந்ததாகத் தோன்றவில்லை!

கேட்பே பிழையாயின்

நிலுவையை ஆராயப் புகுந்தால், அதிற் கணிசமான பகுதி நிலுவையே அன்று என்பது முதலில் புலப்படும். விதித்திருக்கவே கூடாத வரி விதிக்கப்பட்டு, அது வராமையால் பாக்கியாக நிற்கிறது. தந்தை பெயரில் இருந்த வீடு மைந்தர் இருவருக்குப் பாகமாகும். இருவர் பெயரிலும் புதிய கேட்பு எழுதப்படும். தந்தை பெயரும் அப்படியே தொடரும். 2018 நவம்பர் 16ஆம் நாள் வேதாரண்யம் அருகே கரை கடந்த கஜா புயலில் டெல்டா மாவட்டங்களில் கூரை வீடுகளும் ஓட்டு வீடுகளும் ஏராளமாக வீழ்ந்தன. அவ்வாறு வீழ்ந்த வீட்டின் மனையில் புதுவீடு எழும்பும்போது அதற்குப் புதிய வரிவிதிப்பு எண் கொடுத்துவிட்டுப் பழைய எண்ணை நீக்காது விட்டால், ஒரே மனைக்கு இரண்டு கேட்பு உண்டாகிவிடும். ஊராட்சி வரிகளை இணையவழிச் செலுத்தும் வசதி 2023இல் வந்தபோது கையெழுத்துப் பதிவேடுகள் கணினியில் ஏறின. நல்ல மாறுதல்தான். ஆனால் ஏட்டில் இருந்த பிழையும் ஏட்டோடு சேர்ந்து ஏறிவிட்ட ஊர்கள் உண்டு. முன்பு சிவப்பு மையால் ஓரத்தில் எழுதிய ‘வீடு இல்லை’ என்ற குறிப்பு மட்டும் ஏறவில்லை.

இத்தகைய இனங்களைத் தள்ளுபடி செய்வது முறையன்று. தள்ளுபடி என்பது முறையாக விதித்து, முறையாகக் கேட்டு, பெற முடியாது போன தொகைக்கு உரியது. விதிப்பே பிழையென்றால் கேட்பைத் திருத்த வேண்டும். இரண்டும் ஒன்றுதானே, தொகை போவது போவதுதானே என்று நினைக்கலாகாது. இல்லாத வீட்டின் பாக்கியைத் தள்ளுபடி செய்துவிட்டு, அவ்வீட்டைப் பதிவேட்டில் விட்டுவைத்தால், அடுத்த அரையாண்டில் அது மீண்டும் முளைக்கும். ஐந்து ஆண்டு சென்று மீண்டும் தள்ளுபடிக்கு வரும். கேட்பைத் திருத்தினாலோ வேரோடு போய்விடும்.

கணக்கு விளங்கும்பொருட்டு ஓர் ஊராட்சியை மனத்தில் அமைத்துக்கொள்வோம். பின்வரும் எண்கள் விளக்கத்திற்காக நாமே இட்டவை. நடப்பு ஆண்டின் கேட்பு ரூ. 90,000, பழைய நிலுவை ரூ. 1,35,000, ஆக மொத்தம் ரூ. 2,25,000. அவ்வாண்டில் வசூலானது நடப்புக் கணக்கில் ரூ. 72,000, நிலுவைக் கணக்கில் ரூ. 9,000, ஆக ரூ. 81,000. மொத்தக் கேட்போடு ஒப்பிட்டால் வசூல் நூற்றுக்கு 36. ஆய்வுக் கூட்டத்தில் அவ்வூராட்சித் தலைவர் தலைகுனிந்து நிற்பார். ‘இவ்வூரார் வரி கொடாதவர்’ என்ற பெயரும் நிலைத்துவிடும்.

இனி, பழைய நிலுவையில் எஞ்சிய ரூ. 1,26,000ஐ வீடு வீடாகச் சென்று பிரித்துப் பார்ப்பதாகக் கொள்வோம். ரூ. 41,000 இரட்டைக் கேட்பும் இல்லாத வீடும். ரூ. 58,000 வீடும் நிற்கிறது, உரியவரும் இருக்கிறார், எவரும் சென்று கேட்கவில்லை. ரூ. 15,000 வழக்கிலோ பிற துறைகளுடன் கடிதப் போக்குவரத்திலோ இருப்பது. உண்மையில் வசூலிக்க இயலாதது ரூ. 12,000, பத்தில் ஒரு பங்கினும் குறைவு. மேலும், நடப்புக் கேட்பு ரூ. 90,000இலும் இல்லாத வீடுகளின் பங்கு ரூ. 6,000 கலந்திருக்குமாயின், உண்மையான கேட்பு ரூ. 84,000தான். அதில் ரூ. 72,000 வந்திருக்கிறது, நூற்றுக்கு ஏறத்தாழ 86. வரி கொடாதவர் என்று பெயர் பெற்ற ஊரார் பெரும்பாலும் ஒழுங்காகக் கொடுத்தவர்களே.

உழவர் பெருமக்கள் இதில் செய்யத்தக்கதும் உண்டு. வீட்டை இடித்தாலும், பாகம் பிரித்தாலும், விற்றாலும், வாங்கினாலும் ஊராட்சி அலுவலகத்தில் எழுத்து மூலம் தெரிவித்துப் பெயர் மாற்றமோ நீக்கமோ கோரி, மனுவைப் பெற்றுக்கொண்டமைக்கு ஒப்புதல் வாங்கிக்கொள்ள வேண்டும். வாய்மொழியாகச் சொன்னது ஊராட்சிச் செயலர் மாறும்போது அவரோடு போய்விடும்.

வீடு நிற்கும் வரை

‘உடையவர் ஊரில் இல்லை’ என்பது தள்ளுபடிக்கு எழுதப்படும் காரணங்களுள் முதலாவது. இது பெரும்பாலும் காரணமாகாது. வீட்டுமனையின் பொருட்டு அரசுக்குச் சேர வேண்டிய நிலவரி இருந்தால் அதற்கு அடுத்தபடியாக, வீட்டுவரி அவ்வீட்டின்மீதே முதற்பொறுப்பாக நிற்கிறது என்பது சட்டம். உடையவர் திருப்பூருக்குப் போனாலும் திருவனந்தபுரத்துக்குப் போனாலும் வீடு எங்கும் போவதில்லை. அவர் இறந்திருந்தால் வாரிசு இருப்பார். விற்றிருந்தால் வாங்கியவர் இருப்பார். வாங்கியவர் யாரென்று தெரியவில்லை என்று எழுதுமுன் வில்லங்கச் சான்று ஒன்று கோரிப் பார்த்தல் வேண்டும். கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள பட்டாக் கணக்கையும் பார்த்தல் வேண்டும். இவ்விரண்டும் பாராது எழுதப்பட்ட ‘தெரியவில்லை’ என்ற சொல்லைத் தணிக்கையாளர் ஏற்கமாட்டார், ஏற்கவும் கூடாது.

கேட்பு அறிவிப்பு உரியவரிடம் சேர்ந்தமைக்கான சான்றே எல்லா நடவடிக்கைக்கும் அடிப்படை. நேரில் கொடுத்துக் கையொப்பம் பெறலாம். அவர் இல்லாதபோது குடும்பத்தில் வயது வந்தவரிடம் கொடுக்கலாம். எவரும் இல்லையெனில் வீட்டின் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் ஒட்டி, அதற்குச் சாட்சி பெறலாம். இதற்குப் பின்னும் செலுத்தாதவர் மீதுதான் ஜப்தியும் வழக்கும். ஜப்தி என்றதும் ஏழைக் குடியானவர் அஞ்ச வேண்டுவதில்லை. உடுக்கும் துணி, படுக்கை, சமையற் பாத்திரம், கைவினைஞரின் கருவி, உழவரின் ஏர், உழவு மாடு, விதை தானியம் ஆகியவற்றைத் தொடலாகாது என்பது நம் உள்ளாட்சி வரிவிதிகளில் நெடுங்காலமாக உள்ள காப்பு. எமது பணிக்காலத்தில் ஜப்தி வரை சென்ற இனங்கள் மிகச் சிலவே. அறிவிப்பு ஒழுங்காகச் சேர்ந்த வீட்டில் அதற்கு வேலை இருப்பதில்லை.

அறிவிப்பை ஆண்டுதோறும் அனுப்பாது விட்டால் நேரும் கேடு பெரிது. ஜப்திக்கும் வழக்கிற்கும் சட்டம் காலவரம்பு வைத்திருக்கிறது. முதன்முதல் நடவடிக்கை எடுத்திருக்கக்கூடிய நாளிலிருந்து அது ஓடத் தொடங்குகிறது. வரம்பு கடந்தபின் செல்வந்தரின் பாக்கியும் வசூலிக்க இயலாததாகிவிடும். இங்கே ஒரு கேள்வி எழுகிறது. வசதியுள்ளவர் ஒருவரிடம் ஆண்டுக்கணக்கில் கேட்காமலே இருந்து, வரம்பு கடந்ததும் ‘இனி இயலாது’ என்று தள்ளுபடிக்குக் கொண்டுவந்தால் என்ன செய்வது? தொகை வராது என்பது மெய். ஆனால் அந்நட்டம் யாருடைய அசட்டையால் விளைந்தது என்ற விசாரணை தள்ளுபடித் தீர்மானத்தோடு முடிந்துவிடாது. ஊராட்சியின் பணத்திற்குக் கவனக்குறைவால் இழப்பு விளைவித்தவர் அதனை ஈடுசெய்யும் பொறுப்புடையவர். தண்டத் தீர்வை என்று அலுவலகங்களில் வழங்குவது இதுவே. காலங்கடந்த இனங்களைத் தள்ளுபடிக்கு வைக்கும் ஒவ்வொரு குறிப்பிலும், எந்தெந்த ஆண்டில் அறிவிப்பு அனுப்பப்பட்டது, அனுப்பப்படாதபோது பொறுப்பில் இருந்தவர் யார் என்ற பத்தி இருத்தல் நன்று. அப்பத்தியை நாம் வலியுறுத்தத் தொடங்கினால், தள்ளுபடிக்கு வரும் இனங்களின் எண்ணிக்கை தானே குறைவதைக் காணலாம்.

வழக்கில் இருக்கும் தொகையை ‘வராது’ என்று முடிவு கட்டுவதும் அவசரம். செல்பேசிக் கோபுரங்களுக்கு உள்ளாட்சிகள் வரி விதிக்க முடியாது என்று குஜராத் உயர் நீதிமன்றம் கூறியிருந்தது. 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றி, கோபுரங்கள்மீது சொத்துவரி விதிக்க மாநிலச் சட்டம் வகை செய்யலாம் என்று தீர்ப்பளித்தது. இடைப்பட்ட காலத்தில் மனம் தளர்ந்து பதிவேட்டிலிருந்தே அடித்துவிட்ட மன்றம் ஏதேனும் இருந்திருப்பின், அதன் நிலையை எண்ணிப் பார்க்கலாம். இந்திய அரசின் சொந்தக் கட்டிடங்களின் நிலை வேறு. அரசியலமைப்பின் 285ஆவது உறுப்பு அவற்றுக்கு வரிவிலக்கு அளிப்பதால், அவற்றின் பெயரில் வீட்டுவரிக் கேட்பு நிற்குமாயின் அது திருத்தத்தக்க கேட்பு. ஆனால் தனியார் கட்டிடத்தில் வாடகைக்கு இயங்கும் அஞ்சலகத்திற்கு இவ்விலக்கு பொருந்தாது. அங்கே வரி கட்டிட உரிமையாளருடையது. இப்பெயரைச் சொல்லி ஒதுங்குவோர் சிலர் உளர்.

ஏரி மீன் குத்தகை, புளிய மரக் குத்தகை, சந்தைக் குத்தகை முதலியவற்றின் பாக்கியைப் பற்றி அதிகம் கூற வேண்டுவதில்லை. முன்பணமும் உடன்படிக்கையும் முறையாகப் பெற்றிருந்தால் பாக்கி விழாது. விழுந்திருந்தால் அக்குத்தகைக் கோப்பையே முதலில் பார்க்க வேண்டும்.

அரிசி ஆலையும் ஓட்டு வீடும்

எமது வட்டாரத்து ஊராட்சி ஒன்றில் சில ஆண்டுகளுக்கு முன் பதினான்கு இனங்கள் தள்ளுபடிக்கு வைக்கப்பட்டன. மொத்தத் தொகை ரூ. 26,900. குறிப்பின் முதல் இனம், கணவரை இழந்து தனித்து வாழும் மூதாட்டி ஒருவரின் ஓட்டு வீடு. பல ஆண்டுப் பாக்கி ரூ. 1,320. கடைசி இனம், ‘மூடப்பட்ட அரிசி ஆலை’, பாக்கி ரூ. 18,400. குறிப்பைப் படித்தவர் முதல் இனத்தைப் படித்துக் காட்டியதும் மன்றத்தில் அனைவர் மனமும் இளகியது. “பாவம், எழுதித் தள்ளுங்கள்” என்றார் ஓர் உறுப்பினர். அடுத்த சில நொடிகளில் பதினான்கு இனங்களும் ஒரே தீர்மானமாக நிறைவேறியிருக்கும்.

பெண் உறுப்பினர் ஒருவர் எழுந்து, “ஒவ்வொன்றாகப் பார்க்கலாமே, எங்கள் தெருவுக்கு அந்த ஆலை வழியாகத்தான் போகிறேன், அது மூடிக் கிடக்கக் காணோமே” என்றார். கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது. மறுநாள் தல ஆய்வுக்குச் சென்றபோது, ஆலையின் இயந்திரங்கள் அகற்றப்பட்டிருந்தன என்பது மெய். ஆனால் கட்டிடம் உர மூட்டைகள் அடுக்கும் கிடங்காக வாடகைக்கு விடப்பட்டிருந்தது. வில்லங்கச் சான்றில், கட்டிடம் ஏற்கெனவே கைமாறியிருப்பதும் தெரிந்தது. வாங்கியவருக்கு அறிவிப்புச் சேர்க்கப்பட்டது. முதற்பொறுப்பு கட்டிடத்தின்மீது நிற்கிறது என்பதை அவருடைய வழக்கறிஞரே அவருக்கு எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும். இரண்டு தவணைகளில் முழுத் தொகையும் வந்து சேர்ந்தது.

மூதாட்டியின் வீட்டிற்கும் சென்றோம். வீட்டின் ஒரு பாதி மழையில் சரிந்து, மறு பாதியில் அவர் வாழ்ந்து வந்தார். வரி மட்டும் முழு வீட்டிற்கும் தொடர்ந்து எழுதப்பட்டு வந்திருக்கிறது. தள்ளுபடி செய்வதோடு வீட்டைப் பதிவேட்டிலிருந்தே எடுத்துவிடலாம், இனி அவரை எவரும் கேட்க வேண்டா என்பது உடன் வந்த சிலரின் கருத்து. அம்மூதாட்டி அதனைக் கேட்டுப் பதறிவிட்டார். “பேரை எடுத்துடாதீங்க ஐயா. எவ்வளவு கட்டணுமோ சொல்லுங்க, கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டுறேன். ரசீது என் பேரில் போட்டுக் குடுங்க. நாளைக்கு இந்த மனை உன்னுதில்லைன்னு யாரும் சொல்லிடக் கூடாது” என்றார்.

வீட்டுவரி ரசீது உரிமைப் பத்திரம் ஆகாது என்பதைச் சட்டம் அறிந்தோர் அறிவர். எனினும், பத்திரமோ பட்டாவோ இல்லாத ஏழைக்குத் தாம் அவ்விடத்தில் நெடுங்காலம் வாழ்ந்து வருவதைக் காட்டும் எழுத்து அதுவொன்றே. மின் இணைப்புக் கேட்கும்போதும், இருப்பிடத்தைக் காட்ட வேண்டியபோதும் அவர் பெட்டியிலிருந்து எடுப்பது அந்த ரசீதுகளைத்தான். இரக்கத்தால் அவருடைய பெயரை அடித்துவிடுவது, அவர் கையில் இருந்த ஊன்றுகோலைப் பறித்துக்கொள்வதற்கு ஒப்பாகும்.

மன்றம் பின்னர் செய்தது வருமாறு. வீட்டின் தற்போதைய பரப்பை அளந்து, அடுத்த அரையாண்டு முதல் வரி குறைத்து விதிக்கப்பட்டது. சரிந்த பகுதிக்கு விதித்திருந்தது கேட்பிலிருந்து நீக்கப்பட்டது. அறிவிப்பே அனுப்பப்படாமல் காலவரம்பு கடந்துவிட்ட ஆண்டுகளின் பாக்கி, காரணம் எழுதித் தள்ளுபடி செய்யப்பட்டது. எஞ்சிய சிறு தொகையை நான்கு தவணைகளில் அம்மூதாட்டி செலுத்தினார். ஒவ்வொரு தவணைக்கும் அவர் பெயரிலேயே ரசீது வழங்கப்பட்டது. ஒரே வீட்டின் பாக்கியில் திருத்தமும் தள்ளுபடியும் வசூலும் மூன்றும் இருந்தன என்பதைக் கவனிக்க வேண்டும். மொத்தமாக ஒரு தீர்மானம் போட்டிருந்தால் இவற்றுள் ஒன்றும் நடந்திராது.

எஞ்சிய பன்னிரண்டு இனங்களுள் ஐந்து இரட்டைக் கேட்பு. நான்கில் வாரிசுகள் ஊரிலேயே இருந்தனர். உண்மையான தள்ளுபடிக்கு நின்றவை மூன்றே. மூன்றும், குடிசையில் தனித்து வாழ்ந்து வாரிசின்றி மறைந்தவர்களுடையவை; குடிசைகளும் இப்போது இல்லை.

தீர்மானம் எழுதும் முறை

ஒவ்வோர் இனத்திற்கும் தனித் தாள் வேண்டும். வரிவிதிப்பு எண், உடையவர் பெயர், எந்த அரையாண்டு முதல் எந்த அரையாண்டு வரை, தொகை, அறிவிப்புச் சேர்ந்த நாள்கள், தல ஆய்வு செய்தவர் கண்டது, வாரிசோ வாங்கியவரோ இல்லை என்பதற்குக் கிராம நிர்வாக அலுவலரின் சான்று, இறந்தவராயின் இறப்புச் சான்று ஆகியவை அதில் இருத்தல் வேண்டும். ‘ஏழை’ என்ற ஒரு சொல்லை மட்டும் காரணமாக எழுதலாகாது. எவ்வகையில் வசூலிக்க வழியில்லை என்பதை எழுத வேண்டும். தாள்களைக் கூட்டத்திற்கு முன்னரே உறுப்பினர்கள் பார்க்க வைக்க வேண்டும். தீர்மானத்தில் இனங்களைத் தனித்தனியே குறிக்க வேண்டும். தம் வீட்டின் பாக்கியோ தம் நெருங்கிய உறவினரின் பாக்கியோ விவாதத்திற்கு வரும்போது உறுப்பினர் விலகி நிற்பது முறை. மன்றத்தின் அதிகாரத்திற்கு மேற்பட்ட இனங்களை உரிய மேலிடத்து அனுமதிக்கு அனுப்பி, அனுமதி வந்தபின்னரே பதிவேட்டில் கழிக்க வேண்டும். தள்ளுபடிக்கெனத் தனிப் பதிவேடு ஒன்று வைத்துக்கொண்டால், பின்னர் ஒரு நாள் வாரிசு எவரேனும் தாமே வந்து பணத்தை நீட்டும்போது அதனைப் பெற்று ரசீது கொடுக்கவும் எளிதாகும். அத்தகையோரும் உண்டு, சொத்தை விற்கப் போகும் நேரத்தில் பெரும்பாலும் வருவர்.

உறுப்பினர்களின் சொந்தப் பாக்கி பற்றியும் ஒரு சொல். பில்லோ அறிவிப்போ முறையாகச் சேர்ந்து, குறித்த காலம் கடந்தபின்னும் முந்தைய ஆண்டு வரையிலான பாக்கியைச் செலுத்தாதவர் உறுப்பினர் ஆவதற்கோ தொடர்வதற்கோ தகுதியற்றவர் ஆகக்கூடும். தேர்தல் வேட்புமனுக் காலத்தில் வரி வசூல் திடீரெனப் பெருகுவதை ஊராட்சிச் செயலர் அனைவரும் அறிவர். பத்தாம் நூற்றாண்டில் உத்தரமேரூர் ஊரார், வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரையும் அவருடைய உறவினரையும் குடவோலையில் பெயர் எழுதவே விடவில்லை. ஊர்ப்பணத்தைக் கையாளுவோர்க்கு அளவுகோல் சற்று நீளமாக இருப்பது நம் நாட்டில் புதிதன்று.

கிராம சபையில் நிலுவைதாரர் பட்டியலைப் படிக்கலாமா என்று சிலர் கேட்கின்றனர். தள்ளுபடி செய்யப்பட்ட இனங்களையும் அவற்றின் காரணங்களையும் படிப்பது நன்று என்பது எமது கருத்து. ஊரார் பணத்தில் ஒரு பகுதி விடப்படுகிறது, அவர்கள் அறிய வேண்டும். அரிசி ஆலை போன்ற இனங்கள் அங்கே தப்பமாட்டா. ஐம்பது ரூபாயும் நூறு ரூபாயும் வைத்திருக்கும் எளியோரின் பெயரை ஒலிபெருக்கியில் அறிவிப்பதை மட்டும் நாம் ஒருபோதும் பரிந்துரைக்கமாட்டோம். அவர்களுள் பலருக்குத் தம் பெயரில் பாக்கி இருப்பதே தெரிந்திராது. வீட்டுக்குச் சென்று தாளைக் கையில் கொடுத்துச் சொன்னாலே போதும்.

இவ்வேலைக்கு ஏற்ற பருவம் தை, மாசி. அறுவடை முடிந்து ஊரார் வீட்டில் இருப்பர். வெளியூரில் வேலை செய்வோரும் பொங்கலுக்கு வந்திருப்பர். உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் வார்டின் நிலுவைப் பட்டியலை ஊராட்சிச் செயலரிடம் வாங்கிக்கொண்டு, அவரோடு தெருத்தெருவாக நடந்து, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே வீடு உண்டா, யார் இருக்கிறார், என்ன சொன்னார் என்பதை அங்கேயே எழுதிக்கொள்ளலாம். ஒரு வார்டுக்கு மூன்று நான்கு மாலைப் பொழுதுகள் போதும். கேட்புத் திருத்தங்களும் தள்ளுபடித் தீர்மானங்களும் மார்ச் முடிவதற்குள் மன்றத்தில் நிறைவேறிவிடுமாயின், ஏப்ரலில் தொடங்கும் அரையாண்டின் கேட்புப் பட்டியலை அவற்றைக் கொண்டே எழுதலாம். கணினியிலும் அவ்வாறே மாற்றிவிடலாம்.